நோயாளியைச் சுற்றி ஒரு குழு: தாதியத்தில் கூட்டுப்பணியும் தொடர்பாடலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எமது கல்லூரி நூறாவது ஆண்டைக் காணும் வேளையில் என்னையும் பேச அழைத்த சங்கத்துக்கு முதலில் நன்றி. இக்கல்லூரியிலிருந்து வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் எத்தனையோ பேர் உருவாகியிருக்கிறார்கள். அவர்களுக்கிடையே ஒரு தாதியை இந்த மேடைக்கு அழைத்தமை எனது தொழிலுக்கே செய்த மதிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். நான் தாதியாகி முப்பது வருடங்கள் கடந்துவிட்டன. முதல் எட்டு வருடங்கள் இந்த நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில், மிகுதி இங்கிலாந்தில். கடந்த பன்னிரண்டு வருடங்களாக அங்கு உயர்நிலைத் தாதியாகப் பணியாற்றுகிறேன்.

தாதியத்தைப் பற்றிப் பேச்சு என்றால் தியாகம், தொண்டு, கருணை என்ற சொற்கள் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது மிகச் சாதாரணமான ஒரு விடயம். ஒருவர் கண்டதை இன்னொருவருக்குச் சொல்வது. சொன்னதை அந்த மற்றவர் காதில் வாங்குவது. இந்த இரண்டும் நடக்காததால் உயிர்கள் போயிருக்கின்றன. இந்த இரண்டும் நடந்ததால் உயிர்கள் மீண்டுமிருக்கின்றன.

முதலில், உயர்நிலைத் தாதியம் என்றால் என்ன என்று மாணவிகளுக்குச் சொல்லவேண்டும். 1965 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெற்றா போர்ட் என்ற பொதுச் சுகாதாரத் தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். அனுபவமுள்ள தாதியர், பிள்ளைகளைத் தாமே பரிசோதித்து, நோயைக் கணித்து, சிகிச்சை பற்றி முடிவெடுக்கப் பழக்குவது அதன் நோக்கம். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. இங்கிலாந்தில் தகுதி பெற்ற தாதியர் தமது துறைக்குள் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாமே எழுதிக் கொடுக்கலாம் என்ற அனுமதி 2006 இல் வந்தது. நான் நோயாளியின் கதையைக் கேட்கிறேன், உடலைப் பரிசோதிக்கிறேன், சோதனைகளுக்கு அனுப்புகிறேன், மருந்து எழுதுகிறேன், தேவையானால் வைத்திய நிபுணரிடம் ஒப்படைக்கிறேன்.

அந்தத் தொடக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒரு தாதியும் ஒரு வைத்தியரும் ஒரே மேசையில் இருந்து யோசித்ததால் பிறந்த தொழில் இது. அதிகாரம் கூடக் கூடத் தனியே நின்று வேலை செய்யலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. எனது அனுபவம் நேர்மாறானது. நான் எழுதும் மருந்தை மருந்தாளர் சரிபார்க்கிறார். நான் எழுந்து நடக்கச் சொன்ன நோயாளியை இயன்மருத்துவர் நடத்திப் பார்த்து, 'இன்றைக்கு ஏலாது' என்கிறார். இரவு முழுவதும் கட்டிலருகே நின்ற தாதி, 'நீங்கள் பார்த்த நேரம் நல்லா இருந்தவர், விடியப்புறம் அப்படி இல்லை' என்கிறார். இவர்களில் ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் எனது முடிவு பிழைத்துவிடலாம்.

இக்கல்லூரியில் வலைப்பந்தாட்டம் ஆடியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பந்தைப் பிடித்தவள் அதனுடன் ஓடமுடியாது. மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. ஏழு பேருக்கும் ஏழு இடங்கள். ஒவ்வொருத்திக்கும் போகக்கூடிய எல்லை உண்டு. எவ்வளவு கெட்டிக்காரியானாலும் கொடுத்தே ஆகவேண்டும், கொடுக்கும்போது மற்றவள் பிடித்தாளா என்று பார்க்கவும் வேண்டும். வைத்தியசாலையில் அந்தப் பந்துதான் தகவல்.

பந்து கைமாறாதபோது என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் தாதிய மாணவர்கள் படிக்கும் ஒரு சம்பவம் உண்டு. 2005 ஆம் ஆண்டு மார்ட்டின் புரோமிலி என்ற விமானியின் மனைவி, மூக்குக் குழிகளில் ஒரு சாதாரண சத்திரசிகிச்சைக்காகச் சென்றார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். மயக்க மருந்து கொடுத்தபின் அவருடைய சுவாசப் பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க மூன்று வைத்தியர்கள் தொண்டைக்குள் குழாய் செலுத்த மீண்டும் மீண்டும் முயன்றார்கள். கழுத்தில் துளையிட்டுச் சுவாசம் கொடுக்கும் உபகரணத்தை ஒரு தாதி கொண்டுவந்து, அது தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொரு தாதி தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலுக்கு ஏற்பாடு செய்தார். வைத்தியர்களின் பார்வையைக் கண்டபின், தான் மிகைப்படுத்துகிறோமோ என்று எண்ணி அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டார். அந்தத் தாய் 13 நாட்களின் பின் இறந்தார்.

அந்த அறையில் திறமைக்குக் குறைவிருக்கவில்லை. உபகரணமும் இருந்தது. என்ன செய்யவேண்டும் என்பதும் அங்கே இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு நாலு அடி தூரம் கடந்து போய்ச் சேரவில்லை. புரோமிலி யாரையும் தண்டிக்கும்படி கேட்கவில்லை. விமானத்துறையில் துணை விமானி தலைமை விமானியைக் கேள்வி கேட்கப் பழக்குவது போல வைத்தியத்துறையிலும் பழக்கவேண்டும் என்று கேட்டார். 2007 இல் அதற்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

சகோதரிகளே, இந்தக் கதையைக் கேட்கும்போது எனக்கு நாங்கள் வளர்ந்த விதம்தான் நினைவுக்கு வரும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, கேட்டால் மட்டும் பதில் சொல், பெண்பிள்ளை குரலை உயர்த்தாதே. இவற்றை வீட்டிலும் ஊரிலும் கேட்டே வளர்ந்தோம். மரியாதை நல்ல பண்பு. அதனால் நாம் பெற்றவை அதிகம். ஆனால் தாதியின் சீருடையை அணிந்தபின், நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தும் மரியாதை கருதி வாயை மூடிக்கொண்டால், அந்த மரியாதையின் விலையைக் கட்டிலில் கிடப்பவர்தான் கொடுக்கவேண்டியிருக்கும்.

மரியாதையையும் விடாமல் சொல்லவேண்டியதையும் விடாமல் இருப்பது எப்படி? அதற்குப் பழகக்கூடிய முறைகள் இருக்கின்றன. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் தோன்றி, பின்னர் வைத்தியசாலைகளுக்கு வந்த ஒரு முறை, செய்தியை நான்கு படிகளில் சொல்வது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. உதாரணமாக, இரவு இரண்டு மணிக்கு விடுதித் தாதி வைத்தியரைத் தொலைபேசியில் அழைக்கிறார்:

'டொக்டர், 14 ஆம் கட்டில் அம்மாவுக்கு அவ்வளவு சுகமில்லை. நேரமிருந்தால் ஒருக்கா வந்து பாருங்கோ.'

களைத்துப்போயிருக்கும் வைத்தியர் என்ன சொல்வார்? 'சரி, வாறன்.' எப்போது என்று அவருக்கும் தெரியாது, தாதிக்கும் தெரியாது. அதே செய்தியை இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

'டொக்டர், நான் சத்திரசிகிச்சை விடுதித் தாதி. 14 ஆம் கட்டில் அம்மாவின் நிலை மோசமாகிறது. 62 வயது, மூன்று நாட்களுக்கு முன் குடலில் சத்திரசிகிச்சை. சுவாசம் நிமிடத்துக்கு 26, நாடி 118, குருதியமுக்கம் மேலே 98, வெப்பநிலை 38.6, ஒக்சிசன் 93 வீதம். இரண்டு மணித்தியாலத்துக்கு முன் இப்படி இல்லை. கிருமித்தொற்று குருதியில் பரவத் தொடங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் பதினைந்து நிமிடத்துக்குள் வந்து பார்க்கவேண்டும். அதற்குள் நான் வேறு ஏதும் தொடங்கவேண்டுமா?'

ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டாவது அழைப்பைக் கேட்ட வைத்தியர் படுக்கையில் திரும்பிப் படுக்கமாட்டார். நான் சொன்ன அளவீடுகளை இங்கிலாந்தின் வைத்தியசாலைகளில் புள்ளிகளாக்குவார்கள். 2012 இல் அறிமுகமாகி 2017 இல் திருத்தப்பட்ட தேசிய முன்னெச்சரிக்கைப் புள்ளி முறை அது. சுவாச வேகம், ஒக்சிசன் அளவு, குருதியமுக்கம், நாடி, விழிப்புநிலை, வெப்பநிலை என்ற ஆறையும், ஒக்சிசன் கொடுக்கப்படுகிறதா என்பதையும் கணக்கெடுத்து, மொத்தம் 5 வந்தால் அவசரமாகப் பார்க்கவேண்டும். 7 வந்தால் உயிராபத்து என்று எடுக்கவேண்டும். நான் சொன்ன அம்மாவுக்கு 10 வருகிறது. பதவியால் சிறிய தாதி பெரிய வைத்தியரிடம், 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று சொல்லக் கூசலாம். '10 புள்ளி' என்று சொல்வதில் கூச்சம் இல்லை. எண்ணுக்குப் பதவி கிடையாது.

எண்ணால் மட்டும் எல்லாம் தீராது. அமெரிக்காவில் 2006 முதல் கற்பிக்கப்படும் ஒரு குழுப்பயிற்சியில் மூன்று வாக்கியங்களைப் படிப்படியாகப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். 'எனக்குக் கவலையாக இருக்கிறது.' அதற்குப் பதில் வராவிட்டால், 'இது எனக்குச் சரியாகப் படவில்லை.' அதற்கும் வராவிட்டால், 'இது நோயாளியின் பாதுகாப்புப் பற்றிய விடயம்.' எமது பேச்சில், 'சேர், எனக்கு இதில பயமாக் கிடக்கு' என்றாலும் போதும். ஒருமுறை சொல்லிக் கேட்கப்படாவிட்டால் இரண்டாம் முறையும் சொல்லவேண்டும் என்பது அதில் இன்னொரு பாடம். சொன்னவரின் கடமை, மற்றவர் கேட்டுக்கொண்டார் என்று தெரியும்வரை முடிவதில்லை.

அதனால்தான் தொலைபேசியில் மருந்தின் அளவைச் சொன்னால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும். 'ஒன்று, ஐந்து' என்று எண்ணெண்ணாகத் திருப்பிச் சொன்னால் அந்த ஆபத்து இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் இன்னொரு நல்ல உதாரணம். 19 விடயங்கள் கொண்ட ஒரே ஒரு தாள். கத்தி வைக்குமுன், அறையிலுள்ள ஒவ்வொருவரும் தமது பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்பதும் அதில் ஒன்று. புதுடில்லி, மணிலா, அம்மான், இலண்டன், ரொறொன்ரோ உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் பரீட்சித்த முடிவு 2009 இல் வெளியானது. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மரணங்கள் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், பாரிய சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்திருந்தன. பெயரைச் சொல்வதால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். ஒருமுறை வாய் திறந்தவருக்கு மறுமுறை திறப்பது இலகு.

கூட்டுப்பணிக்கு வெளிநாட்டு உதாரணங்களை மட்டும் சொல்லிப் போய்விட்டேன் என்று நினைக்கவேண்டாம். எமது நாட்டுப் பொதுச் சுகாதார மருத்துவமாதர்களை உலகமே படிக்கிறது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. 1930 களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2000 இற்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010 களில் அது 40 இற்கும் கீழே இருந்தது. கல்வி, போக்குவரத்து, மருந்து எனப் பல காரணங்கள் அதற்கு உண்டு. அவற்றுடன், வீட்டுக்கு வீடு சென்று கர்ப்பவதியைப் பார்க்கும் மருத்துவமாது, தான் கண்டதைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் வைத்தியசாலைக்கும் சேர்ப்பிக்கும் சங்கிலியும் ஒரு காரணம். ஒரு தாய் இறந்தால், அந்த மரணம் ஏன் நடந்தது என்று மீளாய்வு செய்யும் முறையும் எம்மிடம் உண்டு. கிராமத்து மருத்துவமாது சொல்வதை வைத்திய நிபுணர் கேட்கும் இடம் அது.

இனி மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. மானிப்பாயில் 1848 இல் வைத்தியப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். நோயாளியின் மொழி சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

இங்கிலாந்தில் ஒருநாள், எமது ஊர் அம்மா ஒருவரைப் பேரன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிவந்திருந்தான். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. அம்மா, 'நெஞ்சுக்குள்ள அந்தரமாக் கிடக்கு' என்றார். பேரன் ஆங்கிலத்தில், 'அம்மம்மா கொஞ்சம் பயப்படுகிறா' என்று சொன்னான். முதலில் பார்த்தவர் அப்படியே எழுதிவிட்டார். அவன் சொன்னது பொய்யல்ல. அவனுக்குத் தெரிந்த தமிழில் அந்தரம் என்றால் பயம்தான். அந்தரத்தின் மற்ற அர்த்தங்கள் எனக்குத் தெரியும். 'வேற என்ன செய்யுது அம்மா?' என்று கேட்டேன். 'மூச்சு முட்டுது, சத்தி வாற மாதிரிக் கிடக்கு, கையெல்லாம் உழையுது' என்றார். உடனே இதய மின்வரைவு எடுத்தோம். மாரடைப்பு. பெண்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும், மாரடைப்பு கடும் நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். அந்த அம்மா சுகமாகி வீடு சென்றார். வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் பெற்றோருக்குப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

நீங்கள் எல்லோரும் தாதியர் அல்ல. ஆனால் எல்லோரும் ஒருநாள் ஒரு கட்டிலருகே நிற்பீர்கள். அந்தக் குழுவில் குடும்பத்துக்கும் இடம் உண்டு. அம்மா யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலையில். ஒரு மகள் ரொறொன்ரோவில், ஒருத்தி மெல்பேணில், மகன் இலண்டனில். மூவரும் மாறி மாறி விடுதிக்கு அழைத்தால், தாதி ஒரே பதிலை மூன்று தரம் சொல்வார், மூவரும் மூன்று விதமாக விளங்கிக்கொள்வார்கள். உங்களுக்குள் ஒருவரைப் பேச்சாளராக வையுங்கள். அம்மா போடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கிளினிக் கொப்பியோடு அது இருக்கட்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும், வெளிநாட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய மாத்திரைகளையும் விடவேண்டாம். 'இன்றைக்கு அம்மா வழமை போல இல்லை' என்று உங்களுக்குத் தோன்றினால், அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 2021 இல் 13 வயதில் இறந்த மார்த்தா மில்ஸ் என்ற சிறுமியின் பெற்றோர் தமது கவலையைச் சொல்லியும் அது உரியபடி கேட்கப்படவில்லை. அவர்களது முயற்சியால், குடும்பத்தவரே வேறொரு வைத்தியக் குழுவின் அவசரப் பரிசோதனையைக் கேட்கும் முறை 2024 இல் அங்கே நடைமுறைக்கு வரத் தொடங்கியது.

என்னைப்போல உயர்நிலைக்கு வந்த தாதியருக்கும் ஒரு சொல். நேற்றுவரை நாங்கள் கீழிருந்து மேலே பேசப் பழகினோம். இன்று எங்களுக்குக் கீழே இளம் தாதியர் நிற்கிறார்கள். வைத்தியரைக் கண்டு நாம் தயங்கியது போல அவர்கள் எம்மைக் கண்டு தயங்குகிறார்கள். நாம் முகத்தைச் சுளித்தால், அவர்கள் அடுத்தமுறை பேசமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு கடமை நேரத்தின் தொடக்கத்திலும் எனது குழுவிடம் ஒன்று சொல்வேன்: 'நான் பிழை விட்டால் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது பிழையாக இருந்தாலும் நன்றி சொல்வேன்.' சொன்னபடி நன்றி சொல்லவும் வேண்டும். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

இறுதியாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். எமது பழைய மாணவிகளில் வைத்தியர்கள், தாதியர், மருந்தாளர்கள், இயன்மருத்துவர்கள், மருத்துவமாதர்கள், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர்களை ஒரே மேடையில் இருத்தி, உயர்தர வகுப்பு மாணவிகளுடன் பேசவையுங்கள். ஒரு நோயாளியின் கதையை எடுத்து, அவரவர் என்ன செய்வார், யாரிடம் என்ன சொல்வார் என்று பேசட்டும். வைத்தியராகப் போகும் மாணவியும் தாதியாகப் போகும் மாணவியும் இங்கே ஒரே வாங்கில் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், பிழையைத் திருத்துகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். வைத்தியசாலை வாசலைக் கடந்த பின்னும் அந்தப் பழக்கம் தொடர்ந்தால், அதனால் பிழைக்கப்போகிறவர்கள் அதை அறியமாட்டார்கள். ஆனால் பிழைப்பார்கள்.

கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.